மைக் வாங்குவதற்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் இருந்தபடியே பாடங்களைப் பதிவுசெய்து இணையத்தில் வழங்கும் ஆசிரியர்களும் பயிற்றுநர்களும் அனுப்பிய கேள்விகளில் ஒலிப்பதிவு பற்றியவையே மிகுதியாக இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களை மடிக்கணினியில் பதிவுசெய்து மாணவர்களுக்குத் தருகிறேன். ‘சார், குகைக்குள்ளே இருந்து பேசுற மாதிரி இருக்கு’ என்கிறார்கள். மடிக்கணினியிலேயே இருக்கும் மைக்கைத்தான் பயன்படுத்துகிறேன். பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு கண்டென்சர் மைக் (மெல்லிய ஒலியையும் பிடிக்கும், மின்சாரம் தேவைப்படும் வகை) வாங்கினால் இந்தக் குறை தீருமா?
— கணித ஆசிரியர், நாமக்கல்

பதில்: மடிக்கணினி இப்போது இருக்கும் தூரத்திலேயே புதிய மைக்கையும் வைத்தால் தீராது. உங்கள் மாணவர்களுக்குக் குகை போலக் கேட்பது மைக்கின் தரத்தால் அன்று. உங்கள் குரல் சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பிவந்து பதிவில் கலப்பதால்தான் அப்படிக் கேட்கிறது. வாயிலிருந்து நேராக வரும் ஒலியும் அறையைச் சுற்றிவிட்டு வரும் ஒலியும் மைக்கில் ஒன்றாகச் சேர்கின்றன. தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் நேர் ஒலி 6 டெசிபெல் (ஒலியளவின் அலகு) கூடும். சுற்றிவரும் ஒலியோ, மைக்கை அறையில் எங்கே வைத்தாலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கும். இப்போது உங்கள் வாய்க்கும் மைக்குக்கும் 60 செ.மீ. இடைவெளி இருக்கிறது என்று கொள்வோம். அதை 15 செ.மீ. ஆக்கினால் நேர் ஒலி 12 டெசிபெல் உயர்கிறது, அதாவது அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. அதற்கு ஏற்ப கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்தால், அறையின் எதிரொலியும் தெருச் சத்தமும் அதோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். எந்த விலை உயர்ந்த மைக்கும், எந்த மென்பொருளும் இந்த 12 டெசிபெல்லை இவ்வளவு தூய்மையாகத் தர முடியாது.

ஆகவே பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஃபோனோடு வந்த வயர் இயர்போன் வீட்டில் இருந்தால், அதன் மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே சட்டையில் பொருத்தி, அதே அறையில், அதே பாடத்தில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்யுங்கள். மடிக்கணினிப் பதிவையும் இதையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேட்டால், வாங்க வேண்டியது மைக்கா, மாற்ற வேண்டியது இடமா என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

அதற்குப் பிறகும் வாங்குவதானால், மேசை முன் அமர்ந்து பேசும் உங்களைப் போன்றோருக்கு யு.எஸ்.பி. வழியாக நேரடியாக இணையும் கார்டியாய்டு வகை மைக் போதும். அது முன்பக்க ஒலியை நன்றாகவும் பின்பக்க ஒலியை மிகக் குறைவாகவும் வாங்கும். எக்ஸ்.எல்.ஆர். எனும் மூன்று முள் இணைப்புள்ள மைக் வாங்கினால் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) ஒன்றும் தனியாக வேண்டும். கண்டென்சராக இருந்தால் அந்தக் கருவி 48 வோல்ட் மின்சாரமும் கொடுக்க வேண்டும். மேடைகளில் கையில் பிடித்துப் பேசும் வகையைக் காட்டி, ‘டைனமிக் மைக் அறைச் சத்தத்தை எடுக்காது’ என்று கடைகளில் சொல்வார்கள். ஒரே தூரத்தில், ஒரே திசைத்தன்மையுள்ள டைனமிக், கண்டென்சர் இரண்டையும் வைத்தால், குரலுக்கும் அறைச் சத்தத்துக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டைனமிக் மைக்கின் வெளியீடு தாழ்ந்தது என்பதால் எல்லோரும் அதை வாயருகே வைத்துப் பேசுகிறார்கள். நன்மை அந்த நெருக்கத்தால் வருகிறது.

நெருக்கத்துக்கும் எல்லை உண்டு. கார்டியாய்டு மைக்கை 5 செ.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால் தாழ்ந்த ஒலிகள் தடித்து, குரல் முழங்கத் தொடங்கும். ‘ப’கரத்தில் தொடங்கும் சொற்களில் காற்று மோதும் சத்தமும் வரும். வாய்க்கு நேர் எதிரே வைக்காமல், கடைவாய்ப் பக்கமாகச் சற்று ஒதுக்கி, முனை மட்டும் வாயைப் பார்க்கும்படி வைத்தால், மூச்சுக்காற்று மைக்கைத் தொடாமல் கடந்து போகும். பாப் ஃபில்டர் (மூச்சுக்காற்றைத் தடுக்கும் வலைத்திரை) வாங்கினாலும் இந்தச் சாய்வைக் கைவிட வேண்டாம்.

கேள்வி: என் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. டைல்ஸ் தரை, வெறும் சுவர். முட்டை அட்டைகளைச் சுவர் முழுவதும் ஒட்டினால் ஸ்டுடியோ போல ஆகிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கடையில் விற்கும் ஒரு அங்குல ஃபோம் வாங்குவதா, முட்டை அட்டையே போதுமா?
— போட்டித் தேர்வுப் பயிற்றுநர், மதுரை

பதில்: இரண்டுமே வேண்டாம். முட்டை அட்டை மெல்லிய காகிதக்கூழ். அதன் மேடுபள்ளம் பார்வைக்கு ஸ்டுடியோவை நினைவூட்டுமே தவிர, குரலின் பெரும்பகுதியை அது உறிஞ்சுவதில்லை. எளிதில் தீப்பற்றக்கூடிய பொருளைச் சுவர் முழுக்க ஒட்டி, அருகே விளக்குகளையும் வைப்பது ஆபத்தும்கூட. ஒரு அங்குல ஃபோம் உச்ச ஒலிகளை மட்டும் உறிஞ்சி, நடுத்தர ஒலிகளையும் தாழ்ந்த ஒலிகளையும் விட்டுவிடும். அப்போது எதிரொலி போகாது. குரலின் பளிச்சென்ற தன்மை மட்டும் போய், பெட்டிக்குள் பேசுவது போன்ற மந்தம் வந்து சேரும். பலர் பணம் கொடுத்து இந்த மந்தத்தை வாங்கிக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்த விஷயத்தின் அடிப்படையைக் கண்டறிந்தவரும் ஒரு வகுப்பறைச் சிக்கலிலிருந்துதான் தொடங்கினார். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது மாணவர்களுக்கு விளங்கவில்லை. பேசிய சொல் ஐந்து விநாடிக்கு மேல் மண்டபத்தில் சுழன்று, அடுத்தடுத்த சொற்களோடு கலந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, மெத்தைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒலி அடங்கும் நேரம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். அறையின் கன அளவு, அதிலுள்ள பொருள்களின் மொத்த உறிஞ்சுதிறன் ஆகிய இரண்டுமே எதிரொலி நீடிக்கும் நேரத்தைத் தீர்மானிக்கின்றன என்ற அவருடைய விதி இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

அந்த விதியை உங்கள் அறைக்குப் பொருத்திப் பார்ப்போம். பத்தடி உயரக் கூரை என்று கொண்டால் அறையின் கன அளவு சுமார் 34 கனமீட்டர். டைல்ஸும் பூச்சுச் சுவரும் தம்மீது படும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கு அளவே உறிஞ்சும் என்பதால், ஒன்றுமில்லாத அந்த அறையில் ஒலி அடங்க இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். பாதிக்கு மேல் ஒலியை உறிஞ்சும் தடித்த பொருள்களை 10 சதுரமீட்டர் அளவுக்கு அதே அறையில் வைத்தால், அந்த நேரம் முக்கால் விநாடி அளவுக்கு இறங்கும். மைக்கும் நெருக்கமாக இருந்துவிட்டால் பாடத்துக்கு அது போதும்.

அந்தப் பத்துச் சதுரமீட்டர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பேசுபவரின் முதுகுப்புறச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். கார்டியாய்டு மைக் உங்களைப் பார்க்கும்போது உங்கள் பின்னால் உள்ள சுவரையும் பார்க்கிறது என்பதால், முதலில் அடக்க வேண்டிய சுவர் அதுதான். படத்தில் மெத்தை தெரியக்கூடாது என்றால் அதன்முன் ஒரு திரைச்சீலை போதும். கம்பளிப் போர்வைகளைக் கொடிக்கயிற்றில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டியிருப்பதைவிட இடைவெளி விட்டுத் தொங்கும் துணி தாழ்ந்த ஒலிகளையும் நன்றாக வாங்கும். துணிகள் நிறைந்த அலமாரியின் கதவுகளைத் திறந்துவையுங்கள். ஒற்றை ஜமுக்காளம் தரையின் பளபளப்பை மறைக்குமே தவிர ஒலிக்குப் பெரிதாக உதவாது. அதன்கீழ் ஒரு மெத்தைவிரிப்பு இருந்தால் உதவும். வெளியிலிருந்து வரும் சத்தம் வேறு சிக்கல். உள்ளே எவ்வளவு துணி தொங்கவிட்டாலும் பேருந்து ஹாரன் குறையாது; சன்னல் இடுக்கை அடைப்பதும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதுமே அதற்கு வழி.

கேள்வி: சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பாடம் நடத்த முடியவில்லை. ஃபேன் ஓடும்போது பதிவில் ஒரே இரைச்சல். என்ன செய்வது?
— வணிகவியல் ஆசிரியை, வேலூர்

பதில்: ஒரு மணி நேரப் பாடத்தை ஒரே மூச்சில் பதிவுசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு நிமிடத் துண்டுகளாக எடுத்து, இடையில் ஃபேனைப் போட்டுக்கொள்வதே மிகத் தூய்மையான பதிவைத் தரும். மாணவர்களும் சிறு துண்டுகளையே விரும்பிப் பார்க்கிறார்கள்.

அது முடியாதபோது மைக்கின் திசையைக் கவனியுங்கள். மேசைமேல் குட்டி ஸ்டாண்டில் நிற்கும் மைக் வாயை நோக்கி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதாவது அது நேராகக் கூரையில் சுழலும் ஃபேனையும் பார்த்துக்கொண்டிருக்கும். மடக்குக்கை ஸ்டாண்டில் மைக்கை நெற்றி உயரத்துக்கு ஏற்றி, அங்கிருந்து கீழ்நோக்கி வாயைப் பார்க்கும்படி திருப்பினால், ஃபேன் அதன் முதுகுப்புறத்துக்கு, அதாவது கார்டியாய்டு மைக் மிகக் குறைவாகக் கேட்கும் பக்கத்துக்குப் போய்விடும். வாங்கிய மைக்கை மாற்றாமலே இரைச்சலில் பெரிய வேறுபாடு தெரியும். மேசையில் தாள் புரட்டும் சத்தம் அப்போது சற்றுக் கூடுதலாக விழும் என்பதால், மேசைமேல் ஒரு தடித்த துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

காற்று நேராக மைக்கில் அடிப்பது இன்னொரு தொல்லை. அதற்குப் பஞ்சு உறை போட்டே ஆக வேண்டும். எடிட்டிங்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளை நீக்கும் ஹைபாஸ் ஃபில்டரைப் போடுங்கள். ஆண்குரலின் அடிச்சுருதிகூடப் பொதுவாக 85 ஹெர்ட்ஸுக்கு மேலேயே தொடங்குவதால் குரலுக்குப் பழுது வராது. காற்றின் முழக்கமும் மேசை அதிர்வும் போய்விடும்.

கேள்வி: தையல் வகுப்பு எடுக்கிறேன். எழுந்து நடந்து, துணியை வெட்டிக் காட்டிப் பேச வேண்டியிருப்பதால் காலர் மைக் வாங்கினேன். சேலை உரசும் சத்தம் பாடம் முழுவதும் வருகிறது. சில இடங்களில் குரல் மங்கியும் போகிறது.
— தையற்கலைப் பயிற்றுநர், ஈரோடு

பதில்: நடமாடிக்கொண்டே கற்பிக்கும் உங்கள் வேலைக்குக் காலர் மைக்கே ஏற்றது, தேர்வில் பிழை இல்லை. முகவாய்க்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. வரையில், உடலின் நடுக்கோட்டில் அது இருக்க வேண்டும். மிக மேலே, கழுத்துக்குழியில் வைத்தால் முகவாயின் மறைப்பில் சிக்கிக் குரல் மங்கும். கீழே இறங்கினால் அறை ஒலி கூடும். மடிப்பு வைத்த முந்தானையில் குத்தும்போது, நீங்கள் குனியும் ஒவ்வொரு முறையும் மேல்மடிப்பு மைக்கின்மேல் சரிகிறது. மங்கலுக்கும் உரசலுக்கும் அதுதான் காரணமாக இருக்கும். முந்தானையின் எல்லா மடிப்புகளையும் ரவிக்கையோடு சேர்த்துப் பின்குத்தி அசையாமல் நிறுத்திவிட்டு, மைக்கை மேல்மடிப்பின் வெளிவிளிம்பில், தலைப்பகுதி துணியைத் தொடாதபடி மாட்டுங்கள். கிளிப்புக்குக் கீழே வயரை ஒரு சிறு வளையமாகச் சுற்றி, அதையும் கிளிப்பிலேயே கவ்வவிட்டால் வயர் இழுபடும் சத்தம் மைக்குக்கு ஏறாது. கஞ்சி போட்ட பருத்தியும் மொடமொடப்பான பட்டும் பதிவு நாளுக்கு ஆகாதவை. துவைத்துத் துவைத்து மென்மையான பருத்திச் சேலை நல்லது. சங்கிலியும் கண்ணாடி வளையல்களும் எழுப்பும் கலகல ஒலியைக் குரலிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுப்பது மென்பொருளுக்கு மிகக் கடினம் என்பதால், சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், வளையல்களைக் கழற்றி வையுங்கள்.

வயருள்ள காலர் மைக் வாங்குவோர் பிளக்கைப் பார்த்து வாங்க வேண்டும். மூன்று வளையக் கோடுகள் இருந்தால் அது ஃபோனுக்கானது. இரண்டு மட்டும் இருந்தால் கேமராவுக்கானது. மாற்றிச் செருகினால் ஒலியே பதிவாகாமல் போகலாம், அல்லது ஃபோன் தன் சொந்த மைக்கிலேயே பதிவுசெய்துகொண்டிருக்கும். பாடம் தொடங்குமுன் மைக்கை விரலால் மெல்லத் தட்டி, அந்தத் தட்டு பதிவில் பெரிதாகக் கேட்கிறதா என்று பார்ப்பது இதற்கான எளிய சோதனை.

கேள்வி: காதில் மாட்டும் புளூடூத் இயர்பட்ஸின் மைக் பாடப் பதிவுக்குப் போதாதா? — கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: போதாது. மைக்கும் சேர்ந்து இயங்கும்போது பெரும்பாலான புளூடூத் கருவிகள் தொலைபேசி உரையாடலுக்கான முறைக்கு மாறிவிடுகின்றன. அதில் விநாடிக்கு 8,000 அல்லது 16,000 ஒலி மாதிரிகளே எடுக்கப்படுவதால், அதில் பாதியான 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி பதிவிலேயே இராது. ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டும் ஒலிகளில் கணிசமான பகுதி அந்த மேல்தளத்தில் இருக்கிறது. நூறு இருநூறு ரூபாய் வயர் இயர்போனே இதைவிட நன்றாகப் பதிவுசெய்யும்.

கேள்வி: உயர்தர (ஏ/எல்) வகுப்பு மாணவர்களுக்கு இரசாயனவியல் பாடங்களை ஒளிப்பதிவு செய்கிறேன். ஒலிவாங்கியின் பின்னணி இரைச்சலை நீக்க ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் நொய்ஸ் ரிடக்ஷனும் (இரைச்சல் குறைப்பு), ஓ.பி.எஸ். என்ற பதிவு மென்பொருளில் நொய்ஸ் கேட்டும் போடுகிறேன். இரைச்சல் போய்விட்டது. ஆனால் ‘வாக்கியத்தின் கடைசி கேட்கவில்லை, சேர்’ என்று பிள்ளைகள் முறையிடுகிறார்கள்.
— ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: தமிழில் கற்பிக்கும் எல்லோரும் கவனிக்க வேண்டிய முறையீடு இது. நொய்ஸ் கேட் என்பது ஒலி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் பதிவை அடைத்துவிடும் கதவு. நாம் பேசும்போது வாக்கியத்தின் முடிவில் மூச்சு தளர்ந்து குரல் இறங்குகிறது. தமிழிலோ வினைமுற்றும் எதிர்மறையும் அந்த முடிவில்தான் வருகின்றன. ‘இந்த வெப்பநிலையில் தாக்கம் நிகழ்வதில்லை’ என்று நீங்கள் தாழ்ந்த குரலில் முடிக்கும்போது கதவு அரை விநாடி முந்தி அடைத்துக்கொண்டால், பாடத்தின் பொருளே தலைகீழாகிவிடுகிறது. பின்னணியில் மெல்லிய இரைச்சல் இருப்பதை மாணவர் பொறுத்துக்கொள்வார். ‘இல்லை’ என்ற சொல் காணாமற்போவதை அவரால் ஈடுசெய்ய முடியாது. எனவே பாடப் பதிவில் நொய்ஸ் கேட்டை முற்றிலும் நீக்கிவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

நொய்ஸ் ரிடக்ஷனை அளவோடு வைத்துக்கொள்ளலாம். பதிவின் தொடக்கத்தில் ஐந்து விநாடி பேசாமல் இருந்து, அந்த வெற்று இரைச்சலை மட்டும் தேர்ந்தெடுத்து மென்பொருளுக்கு மாதிரியாகக் கொடுத்த பின், 6 முதல் 12 டெசிபெல் வரை குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் குழறத் தொடங்கும். ஒரே சீராக ஓடும் ஃபேன், குளிர்சாதனம் போன்றவற்றை இது நன்றாகக் குறைக்கும். நாய் குரைப்பதையும் எதிரொலியையும் இதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஹைபாஸ் ஃபில்டர், இரைச்சல் குறைப்பு, பிறகு மென்மையான கம்ப்ரெஸர் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைப்பது), கடைசியில் ஒலியளவைச் சரிசெய்தல் என்ற வரிசையைப் பின்பற்றுங்கள். கம்ப்ரெஸரை முதலில் போட்டால் இரைச்சலும் குரலோடு சேர்ந்து மேலேறிவிடும்.

கேள்வி: பதிவின்போது ஒலியளவு எவ்வளவு இருக்க வேண்டும்? ஒரு பாடம் உரக்கவும் அடுத்தது மெதுவாகவும் கேட்கிறது. — பரதநாட்டியக் கோட்பாட்டு வகுப்பு நடத்துபவர், சென்னை

பதில்: வழக்கமான குரலில் பேசும்போது மீட்டரின் உச்சம் (சுழியமே அதன் மேல் எல்லை) கழித்தல் 12 டெசிபெல் அருகில் நிற்கும்படி கெயினை வையுங்கள். நீங்கள் சொற்கட்டு சொல்லிக் காட்டும்போது குரல் திடீரென எழும். அதற்கான இடம் மீதி இருக்க வேண்டும். உச்சம் சுழியத்தைத் தொட்டு உடைந்த ஒலியைப் பிறகு முழுமையாக மீட்க இயலாது. மெதுவாகப் பதிவானதை உயர்த்திக்கொள்ளலாம். 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகம், 24 பிட் நுட்பம் என்பது காணொளிக்கு ஏற்ற அமைப்பு. ஃபோனிலும் கணினியிலும் தானியங்கிக் கெயின் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள்; நீங்கள் பேசாமல் இருக்கும் இடைவெளிகளில் அது அறைச் சத்தத்தை உயர்த்திக்காட்டும்.

பாடத்துக்குப் பாடம் வேறுபாடு வராமல் இருக்க, உச்சத்தைப் பார்த்துச் சமன்செய்யாதீர்கள். காது உணரும் சராசரி உரப்பைப் பார்த்துச் சமன்செய்யுங்கள். எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகு அதற்காகவே உள்ளது. யூடியூப் ஏறத்தாழ கழித்தல் 14 என்ற அளவை அளவுகோலாக வைத்திருக்கிறது. அதைவிட உரத்தவற்றைத் தானே குறைத்து ஒலிபரப்பும். ஆடாசிட்டியின் லவுட்னஸ் நார்மலைசேஷனில் எல்லாப் பாடங்களுக்கும் கழித்தல் 16 என்ற ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால், மாணவர் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒலியைக் கூட்டிக் குறைக்க வேண்டியிராது.

கேள்வி: கையில் இருக்கும் பணத்தில் நல்ல கேமரா அல்லது நல்ல மைக், ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்குவது? — வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: மைக். ஃபோன் கேமராவே உங்கள் பாடத்துக்குப் போதும். எரின் நியூமன், நார்பர்ட் ஷ்வார்ஸ் ஆகிய இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அறிவியல் உரையை நல்ல ஒலியுடனும் மோசமான ஒலியுடனும் வெவ்வேறு பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள். ஒலி மோசமானபோது, பேசியவரின் திறமையையும் அவர் செய்த ஆராய்ச்சியையும்கூட மக்கள் குறைவாக மதிப்பிட்டார்கள். நீங்கள் பல ஆண்டுகள் படித்துச் சேர்த்த வரலாற்று அறிவு அப்படித் தாழ்த்தி மதிப்பிடப்படுவதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் ‘உம்ம்’ என்று ஒரு ஒலி வருகிறது. மைக் பழுதா? — கணினி ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: பழுது இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. எர்த் சரியாக இல்லாத இடத்தில் அதுவும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் சார்ஜர் வழியாக மைக்கின் பாதைக்குள் நுழைகின்றன. முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு, சார்ஜரைக் கழற்றிவைத்துப் பதிவுசெய்யுங்கள். பேட்டரி தாங்காத மடிக்கணினியாக இருந்தால், மூன்று முள் பிளக் உள்ள சார்ஜரைப் பயன்படுத்தி, அந்தச் சுவர் சாக்கெட்டில் எர்த் இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் சோதித்துக்கொள்ளுங்கள். இது உங்கள் பாதுகாப்புக்கும் தேவை. மைக் வயரை மின்வயரோடு ஒட்டி ஓடவிடாமல், குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கும்படி வையுங்கள்.